மேஜிக் கார்ட்: டெக் கட்டுவது எப்படி, விலை ஏன் ஏறுகிறது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வேலை செய்கிறவர்கள் தீபாவளி லீவுக்கு ஊருக்கு வரும்போது பையில் ஒரு மேஜிக் டெக், அதாவது ஆடுவதற்குக் கட்டின கார்ட் கட்டு, இருக்கும். இரண்டு நாள் விளையாடிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு தம்பிமார் எங்களிடம் வந்து கேட்கிற கேள்விகள் இவை. ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சின்னக் கூட்டம் ஒன்றில் நானும் ஒருவன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அண்ணே, இது என்ன விளையாட்டு? வீட்டில் விளையாடும் கடதாசி மாதிரியா?

304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடும்போது எல்லோருக்கும் ஒரே கட்டுதான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று மதிப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான். பிரித்துக் கொடுத்ததை வைத்து ஆட வேண்டும். மேஜிக்கில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே கட்டி எடுத்து வருகிறார். பாதி ஆட்டம் வீட்டில் கட்டும்போதே முடிந்துவிடுகிறது.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கியது. விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. 1999-ல் அந்த நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. லேண்ட் கார்ட்கள் மானா என்ற சக்தியைத் தரும், அந்த மானாவைச் செலவழித்து மற்ற கார்ட்களைப் போடலாம், எதிராளியின் 20-ஐப் பூச்சியமாக்கினால் வெற்றி. மிச்சத்தை நாலு ஆட்டம் ஆடினால் பிடித்துக்கொள்ளலாம். கார்ட் தமிழில் அச்சாவதில்லை. பக்கத்தில் ஒருவர் வாசித்துச் சொன்னால் சின்னப் பிள்ளைகளும் ஆடிவிடுகிறார்கள்.

டெக்கில் எத்தனை கார்ட்? நிறைய நல்ல கார்ட் இருந்தால் எல்லாவற்றையும் போடலாமா?

குறைந்தது 60. அடிப்படை லேண்ட் தவிர எந்தக் கார்டும் நாலுக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டிகளில் 15 வரை சைட்போர்ட், அதாவது ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிப் போடுகிற கார்ட், வைத்துக்கொள்ளலாம்.

மேல் எல்லை இல்லை என்பதால் புதிதாக வருகிறவர்கள் 75, 80 என்று கட்டிக்கொண்டு வருகிறார்கள். வேண்டாம். 60-ல் ஒரு கார்டை நாலு பிரதி வைத்தால் முதல் கை ஏழு கார்டில் அதில் ஒன்றாவது வருவதற்கு ஏறக்குறைய 40 சதவீதம் வாய்ப்பு. ஒரே பிரதி என்றால் 12 சதவீதத்துக்கும் கீழே. உங்கள் டெக்கில் மிக நல்ல கார்ட் எதுவோ அதைக் கையில் பார்க்கத்தானே ஆசை? ஒவ்வொரு கூடுதல் கார்டும் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறது. 61-வது கார்டை எடுக்க மனம் வராதவர்களை எனக்குத் தெரியும். எடுங்கள்.

லேண்ட் எத்தனை போடுவது?

பொதுவான 60 கார்ட் டெக்குக்கு 24-ல் தொடங்குங்கள். எல்லாமே ஒன்று, இரண்டு மானாவில் முடிகிற வேகமான டெக் என்றால் 17 முதல் 20 போதும். ஆறு, ஏழு மானா கார்ட்களை நம்பி ஆடுகிற டெக் என்றால் 26 வரை போகலாம்.

இலக்கத்தைவிட முக்கியமானது ஒரு வேலை. மேசையைத் துடைத்துவிட்டு லேண்ட் அல்லாத கார்ட்கள் எல்லாவற்றையும் அவற்றைப் போடத் தேவையான மானாப்படி வரிசையாக அடுக்குங்கள். ஒரு மானா கார்ட்கள் இடது ஓரத்தில், அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. இரண்டாவது, மூன்றாவது வரிசை நீளமாக இருந்து பிறகு குறைந்துகொண்டே போனால் டெக் ஓடும். நாலும் ஐந்தும் நீண்டு கிடந்தால் முதல் மூன்று சுற்றும் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீர்கள், எதிராளி அதற்குள் பாதி உயிரை எடுத்திருப்பார். ‘இந்த டெக்கில் என்ன பிழை, கொஞ்சம் பாருங்கள்’ என்று கொண்டு வருகிற டெக்கில் பத்துக்கு எட்டு இந்த வரிசையில்தான் மாட்டுகிறது. விலை உயர்ந்த ரேர் (அரிதாக வரும் கார்ட்) ஒன்றை வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் வருவார்கள். ஐந்து மானா கார்ட் நாலை எடுத்துவிட்டு, இரண்டு மானா கொமன் (எளிதாகக் கிடைக்கும் சாதாரணக் கார்ட்) நாலு போட்டால் சரியாகிவிடும்.

கையில் காசு குறைவு. எதில் தொடங்கலாம்?

போப்பர் என்ற ஆட்ட வகை. கொமன் தரத்தில் ஒருமுறையாவது அச்சான கார்ட்கள் மட்டும்தான் இதில் செல்லும். 2019-ல் விசார்ட்ஸ் செல்லும் கார்ட்களை ஒரே பட்டியலாக்கி இதற்கு அதிகாரபூர்வ ஏற்பும் கொடுத்தது. ஏழைகளுக்கான ஆட்டம் என்று யாராவது சிரித்தால் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். 1993-லிருந்து அச்சான கொமன்களில் மிகப் பலமானவை பலவும் ஒரே மேசையில் மோதுகின்றன.

முதல் டெக்குக்கு நான் எப்போதும் சொல்வது சிவப்பு பேர்ன், அதாவது எதிராளியின் உயிரை நேராகச் சுட்டுக் குறைக்கிற டெக். சிவப்பு மானா மவுண்டன் லேண்டிலிருந்துதான் வருகிறது, நம் ஆட்களுக்குப் பொருத்தம். லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், செயின் லைட்னிங், ரிஃப்ட் போல்ட், ஸ்கியூவர் த க்ரிட்டிக்ஸ் ஆகிய ஐந்தும் நாலு நாலாக 20 கார்ட். இவை ஒவ்வொன்றையும் ஒரு மானாவுக்குப் போட வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் மூன்று சேதம். கடைசி அடிக்கு ஃபயர்பிளாஸ்ட்: மானாவே இல்லாமல் இரண்டு மவுண்டனைப் பலி கொடுத்து நாலு சேதம்.

கணக்கைப் பாருங்கள். 20 உயிருக்கு மூன்று மூன்றாக ஏழு கார்ட் போதும். இரண்டாவதாக ஆடுகிறவர் நாலாவது சுற்றில் 11 கார்ட் பார்த்திருப்பார். 17 மவுண்டன் வைத்த டெக்கில் அதில் மூன்று லேண்டாக இருக்கும், மிச்சம் எட்டு. எட்டில் ஏழு எதிராளியின் முகத்துக்கு, அதாவது அவருடைய உயிர்ப்புள்ளிக்கு, போனால் ஆட்டம் முடிந்தது. எந்த நேரத்தில் எதை எறிவது, எதிராளியின் உயிரினத்தைக் கொல்வதா முகத்தில் அடிப்பதா என்ற தீர்மானம்தான் படிக்க வேண்டியது. இந்தக் கார்ட்களில் பெரும்பாலானவை ஒரு டொலர் பக்கத்திலேயே நிற்பவை. நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக எடுத்தால் தபால் செலவும் பங்காகிவிடும்.

எல்லோரும் கொமாண்டர் ஆடுகிறார்களே?

ஆடட்டும், நல்ல ஆட்டம். நூறு கார்ட், அடிப்படை லேண்ட் தவிர ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி, ஒரு லெஜண்டரி உயிரினம் தலைவர், ஆளுக்கு 40 உயிர், பெரும்பாலும் நாலு பேர். கடையில் கட்டியே விற்கிற டெக் ஒன்றை வாங்கி அப்படியே ஆடலாம். நண்பர்கள் கூடிப் பேசிச் சிரிக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒரே பிரதி என்றால் செலவு குறையும் என்று நினைக்க வேண்டாம். அத்தனை வெவ்வேறு கார்டில் ஒவ்வொன்றையும் ‘இன்னும் கொஞ்சம் நல்லதாக’ மாற்றுகிற ஆசைதான் பர்ஸைக் காலி செய்கிறது.

உள்ளே என்ன கார்ட் என்று தெரியாத பேக்கை வாங்கி உடைத்தால் விலை உயர்ந்த கார்ட் கிடைக்காதா?

கிடைக்கலாம். ரேரிலும் அரிதான மிதிக் ரேர் ஏறக்குறைய ஏழெட்டுப் பேக்குக்கு ஒன்று வரும். ஒரு தொகுப்பில் 20 மிதிக் இருந்தால் நீங்கள் தேடுகிற அந்த ஒன்றுக்காகச் சராசரியாக 150 பேக் உடைக்க வேண்டும். ஒரு பேக் 5 டொலருக்கு மேல். பெருக்கிக்கொள்ளுங்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து பேக்கை உடைத்து, ஒரு கார்ட் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் உள்ளவருக்குக் கைமாற்றி டிராஃப்ட் ஆடுவதென்றால் அது காசுக்குப் பெறும். அங்கே பேக்கே ஆட்டம். டெக் கட்டத்தான் வேண்டுமென்றால் சிங்கிள், அதாவது வேண்டிய கார்டைத் தனியாக, வாங்குங்கள்.

கார்ட் விலை ஏன் இப்படி ஏறுகிறது?

நல்ல கார்ட் என்றால் விலை கூடத்தானே செய்யும் என்று கேட்பார்கள். சோல் ரிங்கைப் பாருங்கள். ஒரு மானா செலவழித்தால் ஒவ்வொரு சுற்றும் இரண்டு மானா தருகிறது, விளையாட்டின் மிகப் பலமான கார்ட்களில் ஒன்று. அதன் சாதாரணப் பிரதி ஒன்றிரண்டு டொலர்தான். காரணம், கட்டியே விற்கிற கொமாண்டர் டெக்குகளில் வழக்கமாக அதையும் போட்டுவிடுகிறார்கள், சந்தை நிறையக் கிடக்கிறது. பலம் ஒரு பக்கம் இருக்கட்டும், எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை பிரதி வெளியே இருக்கிறது, இன்னும் அச்சாகுமா என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை.

இன்னும் அச்சாகுமா என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1995-ல் குரோனிக்கிள்ஸ் என்ற தொகுப்பில் பழைய கார்ட்களைத் திரும்ப அச்சிட்டார்கள். சேகரித்து வைத்திருந்தவர்களின் கார்ட் விலை விழுந்தது, பெரிய சண்டை. அதைச் சமாளிக்க 1996-ல் ரிசர்வ்ட் லிஸ்ட் என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றை இனி எப்போதும் அச்சிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவற்றின் எண்ணிக்கை இனி அதிகரிக்க முடியாது; கிழியும், தொலையும், நனையும். பிளாக் லோட்டஸ் அதில் ஒன்று. முதல் அச்சான ஆல்பாவில் அது ஏறக்குறைய 1,100 பிரதிதான் வந்தது. 2021 ஜனவரியில் நல்ல நிலையிலிருந்த ஒரு பிரதி 511,100 டொலருக்கு ஏலம் போனது. இதைக் கேட்டுவிட்டுத்தான் பெற்றோர் சிலர் பிள்ளையின் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அதில் இருக்காது அம்மா, கவலைப்பட வேண்டாம், ஆசையும் பட வேண்டாம்.

நம்மைத் தொடுகிற ஏற்றம் வேறு. புதிய தொகுப்பில் ஒரு கார்ட் வருகிறது, அதோடு சேர்ந்தால் பத்து வருடம் குப்பையாகக் கிடந்த பழைய ரேர் ஒன்று திடீரென்று கொம்போ ஆகிறது. அன்றிரவே வெளிநாட்டுச் சந்தையில் கிடந்த மலிவுப் பிரதிகளை ஆட்கள் அள்ளிவிடுகிறார்கள். அரை டொலருக்குக் கிடந்தது 8 டொலர் என்று நிற்கும். ஆனால் அந்த 8 விற்கிறவர் கேட்கிற விலை, யாரும் கொடுத்த விலையாக இருக்க வேண்டியதில்லை. டிசிஜிபிளேயர் என்ற அமெரிக்கச் சந்தைத் தளத்தில் பார்க்கும்போது பட்டியலின் முதல் விலையை விட்டுவிட்டு, அண்மையில் உண்மையாக விற்ற விலைகளைப் பாருங்கள். ஐந்தாறு விற்பனைதான் நடந்திருக்கிறது என்றால் அந்த ஏற்றத்தை நம்ப வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் கூட்டமும் ஒரு காரணம். 2023-ல் த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் தொகுப்பு, 2025 ஜூனில் ஃபைனல் ஃபேண்டசி தொகுப்பு. பின்னது ஒரே நாளில் 200 மில்லியன் டொலர் விற்பனை என்று ஹாஸ்ப்ரோவே சொன்னது. மேஜிக் ஆடவே ஆடாதவர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்துக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கினால், ஆடுகிறவனுக்கு என்ன மிஞ்சும்?

ஏறின விலை இறங்குமா?

நிறைய இறங்கும். டார்மோகொயிஃப் 2007-ல் வந்த பச்சைக் கார்ட். இரண்டு மானாவுக்கு அத்தனை பெரிய உயிரினம் அந்தக் காலத்தில் கிடையாது. 2013-ல் மொடர்ன் மாஸ்டர்ஸ் தொகுப்பில் திரும்ப அச்சிட்டார்கள். விலை விழுந்திருக்க வேண்டும், ஏறியது. அந்தத் தொகுப்பைப் பார்த்துப் புதிதாக மொடர்ன் என்ற ஆட்ட வகையை ஆட வந்தவர்கள் கூட்டம், வந்த பிரதிகளைவிடப் பெரிது. ஒரு கட்டத்தில் 200 டொலரைத் தொட்டது, ஒரு டெக்குக்கு நாலு. பிறகு இன்னும் பல முறை அச்சானது, 2017-ல் ஒரே மானாவில் அதைக் கொல்கிற ஃபேட்டல் புஷ் வந்தது, அதைவிட நல்ல உயிரினங்களும் வந்தன. இன்று அதை வாங்க யாரும் கடன்பட வேண்டியதில்லை.

இன்னொரு வழி தடை. 2024 செப்டம்பர் 23-ல் கொமாண்டரில் மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டொக்சைட் எக்ஸ்டோர்ஷனிஸ்ட் என்ற விலை உயர்ந்த மூன்று கார்ட்களையும் நாடு (Nadu) என்ற இன்னொரு கார்டையும் ஒரே நாளில் தடை செய்தார்கள். 100 டொலருக்கு மேல் போன மானா கிரிப்ட் மளமளவென்று விழுந்தது. தீர்மானம் எடுத்த விதிக்குழுவுக்கு மிரட்டல் வந்து, ஒரு கிழமைக்குள் அவர்கள் கொமாண்டர் பொறுப்பை விசார்ட்ஸிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு விளையாட்டுக் கார்டுக்காக ஆளை மிரட்டுகிற அளவுக்குப் போனவர்கள், அதை விளையாட வாங்கினவர்களாக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் அதே 20 டொலர்தான். எனக்கு மட்டும் விலை கூடியது எப்படி?

ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபாவுக்குள் இருந்தது. மே மாதம் 360 பக்கம் போனது. 20 டொலர் கார்ட் 4,060 ரூபாவிலிருந்து 7,200 ரூபா. கார்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த வருடம் இங்கே எந்தக் கொம்போவும் அப்படி விலையை ஏற்றவில்லை.

இப்போது டொலரை 300 என்று வைத்தாலும் அந்தக் கார்ட் 6,000 ரூபா. 2024 செப்டம்பரில் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தச் சம்பளத்தில் அம்மா நாலு நாள் வேலைக்குப் பேர் போட்டிருந்தாலும் அந்த ஒரு கார்டுக்குக் கண்டிருக்காது. வீட்டில் சத்தம் போட்டால் அதில் நியாயம் இருக்கிறது, தம்பி. வெளிநாட்டு வீடியோவில் ‘மலிவு டெக், 50 டொலர்தான்’ என்று சொல்கிறவர் உங்களுக்காகச் சொல்லவில்லை.

தபால் செலவு, வரி விழுந்தால் வரி, வங்கி அட்டைக்குக் கூடுதலாகப் பிடிக்கிற தொகை எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் கார்டின் விலை. ஒன்றிரண்டு கார்டுக்குத் தனிப் பார்சல் போடாதீர்கள். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறவர்கள் கையில் சொல்லிவிடுங்கள். நூறு கார்ட் ஒரு சவர்க்காரக் கட்டியின் இடத்தைத்தான் பிடிக்கும்.

விலை ஏறப் போகிற கார்டை இப்போதே வாங்கி வைத்தால்?

விற்பது யாரிடம்? வாங்கும் விலை வெளிநாட்டுச் சந்தை விலை, விற்கும் இடம் ஹட்டன் டவுன். இங்கே அந்த விலை கொடுக்க ஆள் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றால் தபாலும் தளத்தின் கழிவும் போக இலாபம் தேய்ந்துவிடும். கடைகள் வாங்குவது சந்தை விலையில் பாதி, கொஞ்சம் முன்பின். ஆகவே ஒரு கார்ட் இரட்டிப்பானாலும் பல நேரம் போட்ட காசுதான் திரும்ப வரும். அதற்குப் பதிலாக மாதச் சீட்டுப் பணம் கட்டுங்கள், அது பரவாயில்லை.

ஆனால் நீங்கள் ஆடப் போகிற டெக்குக்கு வேண்டிய கார்ட் என்றால் விலை ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். எனக்குப் பழக்கம் இப்படி: புதிய தொகுப்பு வெளியான முதல் கிழமையில் எதுவும் வாங்குவதில்லை, ஏனென்றால் எல்லோரும் பேக் உடைத்து முடிக்காத அந்த நேரத்தில் விலை உச்சியில் நிற்கும். மூன்று நாலு கிழமை போனால் பெரும்பாலானவை இறங்கும். பழைய கார்ட் என்றால் திரும்ப அச்சிடப் போவதாக அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் பொறுக்கிறேன், இல்லாவிட்டால் வாங்கிவிடுகிறேன்.

புரொக்சி (உண்மைக் கார்டுக்குப் பதிலாக நாமே செய்கிற பிரதி) போட்டு ஆடலாமா?

எங்கள் மேசையில் ஆடலாம். சாதாரணக் கார்ட் மேல் பிரிண்ட் எடுத்த தாளை வைத்து ஸ்லீவுக்குள் (கார்டுக்கான பிளாஸ்டிக் உறை) போடுங்கள், முடிந்தது. பேனாவால் கார்ட் பெயரை எழுதி வைத்தாலும் ஒன்றுதான். அதிகாரபூர்வப் போட்டியில் செல்லாது. சொந்தப் பாவனைக்கு, விற்காமல், ஆடிப் பார்க்கிற பிரதிகளைத் தடுப்பது எங்கள் நோக்கமில்லை என்று விசார்ட்ஸ் 2016-லேயே சொல்லிவிட்டது. அவர்களே 2022-ல் முப்பதாவது ஆண்டு என்று சொல்லி, போட்டியில் செல்லாத, பின்பக்கம் வேறாக உள்ள பழைய கார்ட்களை நாலு பேக் 999 டொலருக்கு விற்றார்கள். அது புரொக்சி இல்லையாம்.

புரொக்சியில் பத்து ஆட்டம் ஆடிவிட்டு, அப்புறமும் அந்தக் கார்ட் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். பாதிக் கார்ட் அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

புரொக்சி என்று சொல்லாமல் உண்மைக் கார்டாக விற்பதும் மாற்றுவதும் களவு. அப்படிச் செய்தவரோடு நாங்கள் ஆடுவதில்லை.

போலிக் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகைக்கடைக்காரர் கல் பார்க்கிற லென்ஸ் ஒன்று வேண்டும், பத்து மடங்கு பெரிதாக்கினால் போதும். கார்டின் பின்பக்கத்தில் ஐந்து நிறப் பொட்டுகள் இருக்கும். அதில் பச்சைப் பொட்டை லென்ஸில் பாருங்கள். உண்மைக் கார்டில் நாலு சின்னச் சிவப்புப் புள்ளிகள் எல் எழுத்து வடிவத்தில் நிற்கும். போலியில் அவை இருக்காது, அல்லது கலங்கிக் கிடக்கும். 2014-க்குப் பிறகு வந்த ரேர், மிதிக் கார்ட்களில் கீழே நடுவில் மின்னுகிற, பெரும்பாலும் முட்டை வடிவான முத்திரை இருக்கும், போலியில் அது தட்டையாக ஒட்டினது போலத் தெரியும். சந்தேகம் வந்தால் அதே தொகுப்பின் ஒரு சதம் பெறாத கொமனைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் விளிம்பை ஒப்பிடுங்கள். மடித்துப் பார்க்கிற சோதனை ஒன்று சொல்வார்கள். உங்கள் கார்டில் செய்யுங்கள், மற்றவர் கார்டில் வேண்டாம்.

டவுன் கடையில் தொங்குகிற தங்க நிறப் போக்கிமொன் கார்ட் உண்மையா?

இல்லை. சின்னவர்கள் விளையாடட்டும். சேகரிப்பு என்று காசு கொடுக்க வேண்டாம்.

காசே செலவழிக்காமல் பழக முடியுமா?

மேஜிக் அரீனா, போனிலும் கணினியிலும் இலவசம். விதிகளை அது பிடித்து நிறுத்திச் சொல்லித் தரும். டேட்டாவைவிட போனில் இடம்தான் நிறையப் பிடிக்கும். சிக்னல் அறுந்தால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடலாம், அதனால் தோட்டத்து மேல் பிரிவுகளில் இருப்பவர்கள் எங்கே இருந்து ஆடுவது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சேர்க்கிற கார்டை விற்கவோ மாற்றவோ முடியாது.

மழைக்காலத்தில் ஃபாயில் கார்ட் எல்லாம் வளைந்துபோகிறதே?

கொழும்புக்காரர்கள் எழுதுகிற அறிவுரையில் இது பாதிதான் இருக்கும். ஃபாயில் கார்டின் முகத்தில் மெல்லிய உலோகப் படலம், அதன் பின்னால் அட்டை. அட்டை ஈரத்தை இழுத்து விரியும், படலம் விரியாது. ஆகவே இரண்டு ஓரமும் முகத்தின் பக்கம் தூக்கிக்கொள்ளும். உலர்ந்த காற்றில் அட்டை சுருங்கி மறுபக்கம் வளையும். வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழையில் முதல் வகை. அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கச்சான் காற்று அடித்துக் காய்ந்து கிடக்கும், அங்கே இரண்டாவது வகை. ஆடி மாதம் அங்கிருந்து ஒருவர் நேராக இருந்த டெக்கைக் கொண்டு வந்து, எங்கள் மேசையில் வைத்து, பகல் சாப்பாட்டுக்குள் அது ஓலை போல எழும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். போட்டியில் இதற்குத் தண்டனையும் உண்டு, வளைந்த கார்டைப் பின்பக்கத்திலிருந்தே அடையாளம் காணலாம் அல்லவா.

செய்ய வேண்டியது: மூடியில் ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், லயத்துச் சுவர் ஈரம் கசியும். குசினி அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் புகையும் சூடும் சேர்ந்து கெடுத்துவிடும். கார்ட் கட்டுக்கு ரப்பர் பட்டி போடக் கூடாது, ஓரம் வெட்டுப்படும். வளைந்த கார்டைத் துணி போட்டு ஸ்திரிக்கை பிடித்தவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கார்ட்களை இப்போது புத்தகத்துக்கு அடையாளமாக வைத்திருக்கிறார்கள். தனித்தனி ஸ்லீவில் போட்டு, உலர்ந்த பெட்டியில் கிழமைக்கணக்கில் விட்டால் பெரும்பாலும் தானாகவே நேராகும். எனக்குக் கேட்டால் ஃபாயிலே வேண்டாம். அதே கார்டின் சாதாரணப் பிரதி மலிவு, நேராக நிற்கும், அதே மூன்று சேதத்தைத்தான் செய்யும்.

கார்ட் மாற்றிக்கொள்வது எப்படி?

இரண்டு பேரும் ஒரே தளத்தில், ஒரே நாளில், ஒரே நிலையிலுள்ள பிரதியின் விலையைப் பாருங்கள். ஒருவர் அமெரிக்கச் சந்தையையும் மற்றவர் ஐரோப்பியக் கார்ட்மார்க்கெட்டையும் பார்த்தால் சண்டை நிச்சயம். டொலரிலேயே சமப்படுத்துங்கள், ரூபாவைக் கொண்டுவந்தால் எந்த வங்கியின் விலை என்ற பேச்சு தொடங்கும். ஒரு பெரிய கார்டுக்குப் பதிலாக இருபது சின்னக் கார்ட் கேட்டால், பெரியதைக் கொடுக்கிறவருக்குப் பத்து, பதினைந்து சதவீதம் கூடக் கொடுப்பது வழக்கம். சின்னக் கார்டை விற்பது கஷ்டம். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஆயிரம் ரூபாவுக்கு மேல் பெறுமதியான கார்டை மாற்றினால், வீட்டில் ஒரு பெரியவருக்கு போன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுக்கிறோம்.